கலைஞன் கையில் அமானத்து

ஏழைக்காகப் பரிந்து பேசும் ஒரு நூல், ஏழையை வருத்திச் சேர்த்த பணத்தில் அச்சேறுமானால் அந்நூலின் சொல்லுக்கு மதிப்பு உண்டா? எழுத்துலகில் இக்கேள்வியை நாம் அடிக்கடி கேட்பதில்லை. எழுதுவதற்குத் தாளும் மையும் போதும். எழுதி முடித்த பின்னரே பணத்தின் பேச்சு வருகிறது. திரைப்படம் அப்படியன்று. படச்சுருள், கருவிகள், விளக்குகள், பயணம், ஆட்களுக்கு உணவு என்று முதல் நாளிலிருந்தே காசு கரையத் தொடங்கும் கலை அது. ஆகவே அக்கலையில் புகுகின்றவனிடம் இந்தக் கேள்வி வாசற்படியிலேயே வந்து நிற்கிறது: நீ எவருடைய காசில் எவருக்காகப் பேசுகிறாய்?

திரைப்படம் பார்ப்பதைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை எடுத்துரைப்பது என் நோக்கமன்று. அதைப் பற்றி உலமாக்கள் பலவாறு எழுதியிருக்கின்றனர். வாசகர்கள் தத்தம் ஆசிரியர்களிடம் கேட்டறிந்து கொள்வார்கள். நான் பேசப் புகுவது அமானத்தைப் பற்றி. பிறர் நம்பிக் கொடுத்த பொருளைக் கையில் வைத்திருப்பவனுடைய கடமையைப் பற்றி. அக்கடமை மதரஸாவை நடத்துகின்றவருக்கும் உண்டு, ஜமாஅத்துத் தலைவருக்கும் உண்டு, படம் எடுக்கின்றவருக்கும் உண்டு. அதைத் தம் தொழிலின் நடுவிலேயே கொண்டு வந்து வைத்த ஒருவர் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜான் ஆபிரகாம். அவர் எடுத்த படங்கள் நான்கே. அவற்றுள் ஒன்று தமிழ்ப்படம்.

1937ஆம் ஆண்டு குட்டநாட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜான். படித்துப் பட்டம் பெற்று, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலையும் பெற்றார். அன்றைய நாளில் அத்தகைய வேலை கிடைத்தவர் அதை விடுவதென்பது குடும்பத்தார் கண்ணுக்குப் பித்தாகவே தோன்றியிருக்கும். அவர் அதை விட்டுவிட்டுப் பூனாவிலுள்ள திரைப்படக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் வங்கத்தின் ரித்விக் கட்டக். நாட்டுப் பிரிவினையில் வீடிழந்து அலைந்த மக்களின் துயரத்தையே தம் கலையின் பொருளாகக் கொண்டவர் அவர். பின்னர் மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி' (1969) என்னும் இந்திப் படத்தில் ஜான் உதவியாளராக இருந்தார். 1972இல் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே' என்னும் மலையாளப் படத்தைத் தாமே இயக்கினார். அதைப் பற்றி ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1977இல் வந்தது 'அக்கிரகாரத்தில் கழுதை'. திறனாய்வாளர் வெங்கட் சாமிநாதன் எழுதித் தந்த தமிழ்க்கதை. தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றுக்கு இரங்கி, கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அதை வளர்க்கிறார். கல்லூரியில் ஏளனம் செய்கின்றார்கள். எனவே அதைத் தம் ஊர் அக்கிரகாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். வாய்பேசாப் பெண்ணொருத்தி அதைப் பேணுகிறாள். ஊரில் நிகழும் ஒவ்வொரு கேட்டுக்கும் கழுதையே காரணமென்று சொல்லி ஊரார் அதை அடித்துக் கொல்கின்றனர். கொன்ற பின்னரோ, அதனால் அற்புதங்கள் நிகழ்வதாக அவர்களுக்குத் தோன்றுகிறது! உயிரோடு இருந்தபோது ஒரு கைப்பிடிப் புல்லுக்கும் உரிமையற்றிருந்த விலங்குக்குக் கோயில் எழுப்ப முனைகின்றார்கள். இறுதியில் அக்கிரகாரத்தைத் தீ சூழ்கிறது. பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸான் 1966இல் ஒரு கழுதையை நடுநாயகமாக வைத்து எடுத்த படத்தின் தாக்கம் இதில் உண்டென்பர். இருக்கலாம். ஆனால் பிரெஸ்ஸானின் கழுதை கைமாறிக் கைமாறித் துன்புற்று மடிகிறது. இறந்த கழுதையைத் தெய்வமாக்கும் கூத்து நம் மண்ணுக்கே உரியது.

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஒரு சொல். பிறர் வீட்டுக் குப்பையைக் கண்டு முகம் மலர்வதற்காக இப்படம் எடுக்கப்பட்டதன்று. கதை எழுதியவரும், பேராசிரியராக நடித்தவரும் அந்தச் சமூகத்திலேயே பிறந்தவர்கள். தம் வீட்டைத் தாமே பெருக்கியவர்கள். நம் தெருக்களிலும் உயிரோடு இருந்தபோது ஒருவேளைச் சோறும் கொடுக்கப்படாமல், பித்தன் என்று கல்லெறியப்பட்டு, மறைந்த பிறகு பச்சைப் போர்வையும் கந்தூரியும் பெற்றவர்கள் இல்லையா? இறைநேசச் செல்வர்களின் மதிப்பைக் குறைத்து இதைச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் ஏழைக்கு மறுத்ததை இறந்தவருக்கு வாரி வழங்கும் நம் கையை நோக்கிச் சொல்கிறேன்.

பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். இவரைப் பற்றியும் நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. 1919 ஏப்ரலில் அமிர்தசரஸில் டாக்டர் சைபுத்தீன் கிச்சுலுவையும் டாக்டர் சத்தியபாலையும் ஆங்கில அரசு கைது செய்து நாடு கடத்திற்று. அதை எதிர்த்துக் கூடியவர்களே ஜாலியன்வாலா பாகில் சுடப்பட்டனர். அந்தக் கிச்சுலுவின் மகளை மணந்தவர் சீனிவாசன். வங்கத்திலிருந்து சென்னைக்கு வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் அவரும் சேர்ந்து திரையுலகத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கப் பாடுபட்டவர்கள். நிமாய் கோஷ் இயக்கத்தில், சீனிவாசன் இசையில், 1960இல் 'பாதை தெரியுது பார்' வெளிவந்தது. உழைப்பவரைப் பற்றிய படம். பாராட்டுப் பெற்றது, ஆனால் கொட்டகைகளில் நிலைத்து ஓடவில்லை. ஆக, ஜான் தமிழுக்கு வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இதே சுவரில் வேறு சிலரும் தலையை மோதியிருந்தார்கள்.

'அக்கிரகாரத்தில் கழுதை' 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படமென நடுவணரசின் விருதைப் பெற்றது. விருது வந்தது, படமோ பொதுமக்களை எட்டவே இல்லை எனலாம். பின்னாளில், 1989இல், தூரதர்ஷன் அதை ஒளிபரப்ப எண்ணி, எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கிற்று. அதற்கிடையில் ஜான் 1979இல் 'செறியாச்சனின் கொடுஞ்செயல்கள்' என்று பொருள்படும் மலையாளப் படத்தை எடுத்து முடித்திருந்தார். அச்சத்தாலும் குற்றவுணர்வாலும் மனம் சிதையும் நிலவுடைமைக்காரன் ஒருவனின் கதை அது.

இப்போது அவருக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. முதல்வழி, பணம் படைத்த நிறுவனத்தின் முதலீட்டில், அதன் கட்டுக்குள் நின்று, இயன்ற அளவு உண்மையைச் சொல்வது. இவ்வழியை நான் இகழ மாட்டேன். எங்கள் காஞ்சிபுரத்து நெசவாளரைப் பற்றிப் பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' (2008) அவ்வழியில் வந்ததே. மகளின் திருமணத்துக்குப் பட்டுச்சேலை உடுத்துவேன் என்று வாக்களித்துவிட்ட நெசவாளி ஒருவன், பட்டு நெய்யும் தன் கையால் ஒரு முழப் பட்டும் வாங்க இயலாமல், முதலாளியின் இழையை நாள்தோறும் வாயில் மறைத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறான். தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவன், அந்தச் சேலைக்காகவே அதை முறிக்கிறான். தறிக்குழியில் கால் வைத்தவர்கள் அப்படத்தைக் கண்டால் நெஞ்சு கனக்கும். 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும் அப்படம் ஒரு சரக்கு. நெசவாளி அதைப் பார்க்க வேண்டுமானால் சீட்டு வாங்கியே பார்க்க வேண்டும். தன் துயரத்தைத் தானே விலைகொடுத்து வாங்கும் நிலைமை அது.

ஜான் இரண்டாம் வழியில் நடந்தார். 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களுடன் சேர்ந்து 'ஒடேசா' என்னும் கூட்டமைப்பைத் தொடங்கினார். ஒடேசா கருங்கடல் துறைமுகம். ருசிய இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த 'போர்க்கப்பல் பொடெம்கின்' என்னும் படம் அந்நகரத்துப் படிக்கட்டுகளை உலகறியச் செய்தது. ஜானும் நண்பர்களும் ஊர் ஊராகச் சென்றனர். மேளம் கொட்டினர், தெருவில் சிறு நாடகங்கள் நடத்தினர், சார்லி சாப்ளின் 1921இல் எடுத்த 'கிட்' என்னும் படத்தைத் திரை கட்டிக் காட்டினர். பார்த்தவர்கள் முன்னே துண்டை விரித்து, 'அடுத்த படத்தை நீங்களே எடுக்கப் போகிறீர்கள்; இயன்றதைக் கொடுங்கள்' என்றனர். மீனவரும் கூலித் தொழிலாளரும் மாணவரும் கொடுத்த சில்லறையே முதலீடாயிற்று. பட முதலாளி இல்லை, விநியோகஸ்தர் இல்லை. 1986இல் 'அம்மா அறியான்' அப்பணத்தில் உருவாயிற்று. கேரளத்தில் வாணிக நோக்கின்றி அதைக் காட்டினார்கள்.

ஏறத்தாழ இதே எண்ணத்தோடு பிரெஞ்சு நாட்டில் கோதார் என்னும் புகழ்பெற்ற இயக்குநர் 1968க்குப் பிறகு தம் பெயரையே துறந்து, ஒரு குழுவின் பெயரில் படம் எடுக்க முற்பட்டார். அரசியலைப் பற்றிப் படம் எடுப்பது வேறு, படம் எடுக்கும் முறையையே அரசியல் நெறிப்படி அமைப்பது வேறு என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். எனினும் அக்குழுவுக்குப் பெரும்பாலும் பணம் கொடுத்தவை ஐரோப்பியத் தொலைக்காட்சி நிறுவனங்கள். எடுத்து முடித்ததும் அவற்றுள் சிலவற்றை அந்நிறுவனங்களே ஒளிபரப்ப மறுத்துவிட்டன. கொள்கை பாரீசில் பிறந்திருக்கலாம். பணத்தின் வேர் வரை அதைக் கொண்டு சென்றது கோழிக்கோடு.

நம் ஃபிக்ஹு நூல்களின் கண்கொண்டு இதை நோக்குவோம். கொட்டகையில் சீட்டு வாங்குவது ஒரு கொடுக்கல் வாங்கல். காணாத பொருளை வாங்கியவன், கண்டபின் வேண்டாமென்று மறுக்கலாம் என்பது ஹனஃபி மத்ஹபு. காணாத பொருளை விற்பதே செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய சொல். (இரண்டில் எதன்படி நோக்கினும் நம் ஊர்க் கொட்டகைக்காரர்கள் பிழைப்பது கடினம், அதைக் கூலிக்கு இடம் கொடுக்கும் 'இஜாரா' என்று சொல்லித்தான் அவர்களைக் காப்பாற்ற வேண்டும்!) ஒடேசாவுக்குக் கொடுத்த காசோ விற்பனையன்று. கொடுத்தவர் எதையும் வாங்கவில்லை. இலாபத்தில் பங்கும் கேட்கவில்லை. அது வெறும் பிச்சையும் அன்று. ஏனெனில் ஒரு குறிப்பிட்ட செயலுக்கென்று சொல்லிக் கேட்டு, அதற்கென்றே கொடுக்கப்பட்டது. வக்ஃபுக்கு மிக அருகில் நிற்கிறது இது. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையை முதவல்லி தம் விருப்பப்படி மாற்ற முடியாது. கிணறு வெட்டக் கொடுத்த பணத்தில் மினாரா எழுப்பினால், மினாரா எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மோசடியே.

நான் ஓதிய மதரஸா பிடியரிசியில் நடந்தது. உலையில் இடும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை மாணவர் சென்று வாங்கி வருவோம். கூலிக்குப் போகும் கைம்பெண்ணின் வீட்டிலும் அந்தக் கலயம் இருந்தது. எழுத்தறியாத அந்த அம்மையார், நான் இலக்கணத்தில் எந்த அதிகாரத்தை ஓதுகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததால்தான் அந்த அரிசி கனத்தது. சம்பளம் வாங்கிக் கற்பிக்கின்றவனை மேலாளர் கேட்பார். பிடியரிசி உண்டு ஓதியவனை யார் கேட்பது? இந்தச் சுமையை ஒருமுறை தூக்கியவர்கள் ஜானின் நிலைமையை எளிதில் உணர்வார்கள்.

ஆகவே அந்தப் படத்தின் மீது சொல்லப்படும் குறை சாதாரணமானதன்று. கதை இது: புருஷன் என்னும் இளைஞன் தில்லிக்குப் புறப்படுகிறான். அவ்வப்போது கடிதம் எழுதுவதாகத் தாயிடம் வாக்களித்துவிட்டு வருகிறான். வழியில் வயநாட்டில், மரத்தில் தொங்கிய ஓர் இளைஞனின் உடலைக் காண்கிறான். முகம் பழகியதாக இருக்கிறது. யாரென்று அறியாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. விசாரித்து விசாரித்து, அவன் ஹரி என்னும் தபேலாக் கலைஞன் என்றும், அவன் தாய் கொச்சியில் இருக்கிறாள் என்றும் அறிகிறான். அத்தாயிடம் செய்தி சொல்ல நண்பர்கள் சேர்ந்து புறப்படுகிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஓர் இளைஞன் தன் தாயிடம் சொல்லிக்கொண்டு அக்கூட்டத்தில் இணைகிறான். இடையிடையே கோழிக்கோட்டு மருத்துவ மாணவரின் போராட்டமும், கல்லுடைக்கும் தொழிலாளரின் துயரமும், வேறு போராட்டங்களின் நினைவுகளும் ஊடாடுகின்றன. பாவும் ஊடையும் எதுவென்று பிரித்தறியப் பழகாதவர்க்குப் படம் பிடிபடுவது கடினம். துண்டில் காசு போட்ட மீனவர், 'சாப்ளினைக் காட்டிக் காசு வாங்கினீர்கள். அவனைப்போல் சிரிக்கவும் அழவும் வைக்கும் படத்தை அல்லவோ எதிர்பார்த்தோம்' என்று கேட்டிருந்தால் ஜான் என்ன விடை சொல்லியிருப்பார்?

இக்குறையை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் கொடுத்தவரின் உரிமை எது என்று வரையறுத்துக்கொள்ள வேண்டும். பிடியரிசி கொடுத்த அம்மையாருக்கு, தமக்குப் பிடித்த தீர்ப்பை நான் சொல்ல வேண்டும் என்னும் உரிமை இல்லை. நான் உண்மையில் ஓத வேண்டும், ஓதியதை மறைக்கக் கூடாது என்னும் உரிமை உண்டு. படத்துக்குக் காசு கொடுத்தவருக்கு மகிழ்விக்கப்படும் உரிமை இல்லை; அது சீட்டு வாங்கியவனுடைய உரிமை. தம்மைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையாக இருக்க வேண்டும் என்பதும், அது தம்மிடம் திரும்பி வந்து சேர வேண்டும் என்பதுமே அவருடைய உரிமைகள். இரண்டாவதை ஒடேசா நிறைவேற்றப் பாடுபட்டது. முதலாவதைப் பொறுத்தவரை, காசு கொடுத்தவர்களை இனிக்க இனிக்கப் புகழ்ந்து ஒரு படம் எடுப்பது ஜானுக்கு மிக எளிதாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. போராடியவர்களின் தோல்வியையும், பிள்ளைகளை இழந்த தாய்மாரையும் காட்டினார். மக்களின் காசை வாங்கி மக்களையே முகத்துதி செய்வதும் ஒருவகைக் கையாடல்தான்.

கொடுத்தவரின் நிபந்தனையே தீயதாக இருந்தால்? இதற்கும் பிரெஞ்சு நாட்டில் ஒரு முன்னிகழ்ச்சி உண்டு. ரெனே வோத்தியே என்பவர் 1928இல் பிறந்தவர். செருமானியப் படை தம் நாட்டை ஆண்டபோது பள்ளிச் சிறுவனாகவே எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தவர். கல்வி வளர்ச்சிக்கான கழகம் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளில் பிரெஞ்சு அரசு மக்களுக்குச் செய்யும் நன்மைகளைப் படம் பிடித்து வருமாறு அவரை அனுப்பிற்று. அவர் போய்க் கண்டது எரிந்த சிற்றூர்களையும், இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைத்ததால் இயந்திரத்தின் இடத்தில் நிறுத்தப்பட்ட மனிதர்களையும். கண்டதையே எடுத்தார். 1950இல் உருவான 'ஆப்பிரிக்கா 50' என்னும் அச்சிறு படத்துக்காகச் சிறை சென்றார். நாற்பது ஆண்டுக் காலம் பிரான்சில் அப்படத்துக்குத் தடை இருந்தது. பின்னர் அவர் அல்ஜீரிய விடுதலைப் போராளிகளோடு நின்று படம் எடுத்தார். அவர் எவருக்காக உயிரைப் பணயம் வைத்தாரோ, அந்த இயக்கத்தாரே ஐயுற்று அவரை நெடுநாள் சிறையில் வைத்தனர். அப்போதும் அவர் அல்ஜீரிய மக்கள்மீது மனம் கசந்தாரில்லை. விடுதலைக்குப் பின் அந்நாட்டிலேயே இருந்து இளைஞருக்குத் திரைக்கலையைக் கற்பித்தார். 1972இல் அல்ஜீரியப் போரைப் பற்றி அவர் எடுத்த 'ஆரேஸ் மலையில் இருபது வயது' கான் விழாவில் திறனாய்வாளர் பரிசைப் பெற்றது. அடுத்த ஆண்டே, 1961 அக்டோபரில் பாரீஸ் வீதிகளில் அல்ஜீரியர் கொல்லப்பட்டதைக் காட்டும் பிறிதொருவரின் படத்துக்குத் தணிக்கையார் இசைவு தராததை எதிர்த்து 31 நாள் உண்ணாநோன்பு இருந்தார். தம் படத்துக்காக அல்ல, பிறர் படத்துக்காக! 2015இல் மறைந்தார்.

வோத்தியே தம்மை அனுப்பியவர்களின் பணத்தில், அவர்கள் கேட்டதற்கு நேர்மாறானதை எடுத்தார். இது அமானத்துக்குத் துரோகமா? இல்லை என்பதே என் கருத்து. பாவத்தைச் செய்யுமாறு விதிக்கும் நிபந்தனை நிபந்தனையே ஆகாது என்பதில் நம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பொய் சாட்சி சொல்லக் கொடுத்த கூலியை வாங்கிய பின் உண்மையைச் சொன்னவன், கூலி கொடுத்தவனுக்குக் கடனாளியாக வேண்டுமானால் இருக்கலாம், குற்றவாளியாகான். ஆனால் ஒன்று. வோத்தியே இந்தப் பெருஞ்சிக்கலில் மாட்டிக்கொள்ளக் காரணம், பொய்யை விரும்பியவரிடம் பணம் வாங்கியதுதான். உண்மையை விரும்பியவரிடம் மட்டுமே கை நீட்டிய ஜானுக்கு அச்சிக்கல் எழவில்லை. அதனாலேயே அவருக்குச் சாக்குப்போக்குகளும் இல்லாமல் போயின.

கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் வாழும் திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 1068ஆம் ஆண்டினது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, கல்விச்சாலை, மாணவர் விடுதி ஆகியவற்றுக்கான செலவுகளை அது வரிவரியாகக் கூறுகிறது. மருத்துவர் ஒருவருக்கு இவ்வளவு நெல், அறுவை செய்வோனுக்கு இவ்வளவு, மூலிகை கொணரும் இருவருக்கு, நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவருக்கு இவ்வளவு என்று பொறித்து, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் கோயிலன்று என்று நாம் கடந்து போய்விடக் கூடாது. வருவோர் போவோர் எல்லோர் கண்ணிலும் படுமாறு கல்லில் வெட்டிவைத்த கணக்கைப்போல் நம் வக்ஃபு நிலங்களின் கணக்கும் பள்ளிவாசல் சுவரில் இருந்திருந்தால், எத்தனை ஏக்கர் இன்றும் நம்மிடம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இறுதியாக, பலரும் என்னிடம் கேட்கக்கூடியதைச் சொல்ல வேண்டும். ஜான் மதுவுக்கு ஆட்பட்டவர். அவரைப் போற்றும் நண்பர்களும் இதை மறைப்பதில்லை. சிலர் அதையே ஒரு பெருமைபோல் கதை கதையாகச் சொல்கின்றனர். அது எனக்கு உடன்பாடன்று. கலைஞன் என்றால் தள்ளாடித்தான் ஆக வேண்டும் என்பது சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை. 1987 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து விழுந்து, அம்மாதம் 31ஆம் நாள் ஜான் உயிர் நீத்தார். வயது ஐம்பதும் நிரம்பவில்லை. மக்கள் காசில் எடுத்த முதற்படமே அவருடைய கடைசிப் படமும் ஆயிற்று. அவருடைய நண்பர்கள் ஒடேசாவைத் தொடர்ந்து நடத்தினார்கள் என்பது உண்மை. எனினும், இன்னும் பல படங்களை எதிர்பார்த்துக் காசு போட்டவர்களுக்கு அவர் தம் உடலையும் கடன்பட்டிருந்தார் அல்லவா? பிடியரிசி உண்பவன் தன் உடலை எறிந்து விளையாட அவனுக்கு உரிமை ஏது?

வக்ஃபை நிர்வகிப்பவர் ஒழுக்கம் உடையவராக இருந்தே ஆக வேண்டும், ஒழுக்கம் கெட்டால் நிர்வாகமே செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஒழுக்கம் கெட்டவர் நீக்கத்தக்கவர். ஆனால் நீக்கப்படும் வரை அவர் முறையாகச் செய்தது செல்லும் என்று ஹனஃபி அறிஞர்கள் கூறுவர். நான் ஷாஃபிஈ. ஆயினும் இவ்விடத்தில் ஹனஃபிகளின் சொல்லில் ஓர் இரக்கத்தையும் ஒரு கண்டிப்பையும் ஒருங்கே காண்கிறேன். குடித்தவன் என்பதற்காக அவன் முறையாகச் செய்த ஒன்றைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. முறையாகச் செய்தான் என்பதற்காக அவன் குடியைத் துதிக்கவும் வேண்டியதில்லை. எம்.பி. சீனிவாசனைப்போல் சேர்ந்திசைக் குழுக்களில் நூற்றுக்கணக்கான இளைஞரை நிறுத்திப் பாடவைத்து, சங்கம் கட்டி, ஒழுங்காக வாழ்ந்தவரும் அதே கொள்கையுடையவரே. புரட்சிக்குத் தள்ளாட்டம் வேண்டுவதில்லை என்பதற்கு அவரே சான்று.

'அம்மா அறியான்' என்னும் மலையாளத் தொடருக்குத் தாய் அறியும் பொருட்டு என்பது பொருள். மகன் தாய்க்கு ஒப்படைக்கும் கணக்கு அது. படத்தில் வரும் இளைஞர் எவரும் வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்புவதில்லை. ஒவ்வொருவனும் தன் தாயின் முன்னே போய் நின்று, எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டே தெருவில் இறங்குகிறான். கொச்சியை அடையும்போது அவர்கள் ஒரு பெருங்கூட்டம். ஹரியின் தாய்க்கு அவர்கள் கொண்டுவருவது சாவுச் செய்தி ஒன்றே. அதைச் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று அவர்களில் எவனுக்கும் தோன்றவில்லை.